பதினேழுக்குள் என்றால் எத்தனைக்குள்? இளையோர் உலகக் கோப்பை கால்பந்து: சந்தேகங்களும் விளக்கங்களும்

தோஹாவின் கலீஃபா மைதானத்தில் 2025 நவம்பர் 27 அன்று ஆஸ்திரியாவை 1-0 என வென்ற போர்ச்சுகல், 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையை முதல்முறையாகத் தூக்கியது. மெஸ்ஸி ஆடும் உலகக் கோப்பைக்கு விடிய விடிய விழித்திருக்கும் நம் ஊர் ரசிகர்களில் பலருக்கு இப்படி ஒன்று நடந்ததே தெரியாது. தெரிந்தவர்களுக்கோ, ஆட்டத்தைவிட ஆடுபவர்களின் மீசை மேல்தான் கண். 'இவனுக்கா பதினேழு?' என்பதில் தொடங்கி, 'இந்தியா எப்போது ஆடும்?' என்பதுவரை அடிக்கடி எழும் சந்தேகங்களை இங்கே பார்ப்போம்.

பதினேழு வயது முடிந்த பையன்களும் ஆடுகிறார்களே, விதிமீறல் இல்லையா?

இல்லை. கணக்கு பிறந்த நாளை வைத்து அல்ல, பிறந்த ஆண்டை வைத்து. 2025 போட்டிக்கு, 2008 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்திருக்க வேண்டும் என்பது விதி. 2008 ஜனவரி முதல் வாரத்தில் பிறந்தவருக்கு இறுதி ஆட்டத்தன்று 17 வயதும் ஏறக்குறைய 11 மாதமும் ஆகியிருக்கும். அந்த ஆண்டு முடிவதற்குள் 18-ஐத் தொடாதவர் ஆடலாம் என்பதே இதன் பொருள். இந்தியாவில் 2017-ல் நடந்தபோதும் இப்படித்தான். 2000 ஜனவரி 1 எல்லைக்கோடு.

இந்த எல்லைக்கோட்டில் யாரும் கேட்காத ஓர் அநியாயம் இருக்கிறது. ஜனவரியில் பிறந்தவனும் டிசம்பரில் பிறந்தவனும் ஒரே பிரிவு. 13, 14 வயதில் 11 மாத வித்தியாசம் என்பது நாலு விரற்கடை உயரம், தோளில் தெரியும் பலம். தேர்வுக்கு வரும் பயிற்சியாளரின் கண் பெரிய உடம்பின் மேலேயே விழும். அதனால்தான் உலகம் முழுக்க இளையோர் அணிகளில் ஆண்டின் முதல் மூன்று மாதங்களில் பிறந்தவர்கள் கூட்டமாகவும், கடைசி மூன்று மாதங்களில் பிறந்தவர்கள் அரிதாகவும் இருக்கிறார்கள். ஆய்வாளர்கள் இதைத் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கிறார்கள். யாரும் பொய் சொல்லவில்லை, சான்றிதழ் திருத்தவில்லை. ஆனாலும் டிசம்பர் பையன் வீட்டுக்குப் போய்விடுகிறான். வயது மோசடியைவிட இதுவே பெரிய இழப்பு என்பது என் கருத்து.

பிறப்புச் சான்றிதழ் போதாதா? மணிக்கட்டை ஸ்கேன் எடுப்பது எதற்கு?

நம் தாத்தா தலைமுறையில் ஏராளமானவர்களுக்கு மே, ஜூன் மாதத்தில்தான் பிறந்த நாள் வரும். பள்ளியில் சேர்க்கும்போது தலைமையாசிரியர் கணக்குப் பார்த்து எழுதிய தேதி அது. பிறப்பைப் பதிவு செய்யும் வழக்கம் இன்னும் வேரூன்றாத நாடுகளில் இன்றும் இதே கதைதான். கெட்ட எண்ணம் இல்லாமலும் தேதி மாறலாம். திட்டம் போட்டும் மாற்றலாம்.

சந்தேகம் நேற்று முளைத்ததல்ல. 1989-ல் ஸ்காட்லாந்தில் போட்டி நடந்தபோது வயது வரம்பு 16. கிளாஸ்கோவின் ஹாம்டன் பார்க்கில் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் பார்த்துக்கொண்டிருக்க, 2-0 என முன்னிலையில் இருந்த ஸ்காட்லாந்துப் பையன்கள், சவுதி அரேபியாவிடம் 2-2 என்று பிடிகொடுத்து பெனால்டியில் தோற்றார்கள். சவுதி அணியினரின் வயதைப் பற்றிய முணுமுணுப்பு ஸ்காட்லாந்தில் அடங்கவே இல்லை. எதுவும் நிரூபிக்கப்படவும் இல்லை. சாம்பியன் பட்டியலில் சவுதியின் பெயர்தான் இருக்கிறது. கிட்டத்தட்ட அதே சமயத்தில் நைஜீரியா ஆவணத்தோடு மாட்டிக்கொண்டது. 1988 சியோல் ஒலிம்பிக்கில் ஆடிய மூவரின் பிறந்த தேதி, அவர்களே முந்தைய போட்டிகளில் கொடுத்த தேதியோடு ஒத்துப்போகவில்லை. இளையோர் போட்டிகள் எல்லாவற்றிலிருந்தும் இரண்டு ஆண்டு தடை. 1991-ல் 20 வயதுப் பிரிவு உலகப் போட்டியை நடத்தும் வாய்ப்பும் கைநழுவி போர்ச்சுகலுக்குப் போனது.

தாள்களை நம்ப முடியாது என்று ஆனபிறகு ஃபிஃபா எலும்பைப் பார்க்கத் தொடங்கியது. முன்கையில் கட்டைவிரல் பக்கமாக ஓடும் ஆரை எலும்பின் கீழ்முனையில், மணிக்கட்டை ஒட்டி, வளர்ச்சித் தட்டு ஒன்று உண்டு. எலும்பு நீள்வது அங்கேதான். வளர்ச்சி முடிந்ததும் தட்டு முழுக்க எலும்பாகி இரண்டு பக்கமும் ஒட்டிக்கொள்ளும். 17 நிறையாத ஆண்பிள்ளைகளுக்கு அது முழுதாக ஒட்டியிருப்பது மிக மிக அபூர்வம். எக்ஸ்ரேயிலும் இதைப் பார்க்கலாம். இந்தியக் கிரிக்கெட்டின் 16 வயதுப் பிரிவில் அந்த வழிதான். ஆனால் நோய் நொடி இல்லாத பையனை வெறும் சோதனைக்காகக் கதிர்வீச்சுக்கு உட்படுத்துவது சரியல்ல என்பதால் ஃபிஃபா எம்.ஆர்.ஐ.யைத் தேர்ந்தெடுத்தது. 2009-ல் நைஜீரியாவில் நடந்த உலகக் கோப்பையில் அது அறிமுகமானது.

இதன் வீச்சு எவ்வளவு என்பதற்கு ஒரே ஒரு உதாரணம். சாமுவேல் எட்டோ தலைமையிலான கேமரூன் கால்பந்துக் கூட்டமைப்பு, 2023 ஜனவரியில் தன் 17 வயது அணியின் முகாமில் இருந்த 30 பேருக்கு இந்தச் சோதனையை நடத்தியது. 21 பேர் தேறவில்லை.

அப்படியானால் எம்.ஆர்.ஐ.யை ஏமாற்றவே முடியாதா?

ஏமாற்ற வேண்டியதே இல்லை. சோதனைக்கே ஓர் ஓட்டை உண்டு. தட்டு ஒட்டியிருந்தால் 'இவர் வயது கடந்தவர்' என்று ஓரளவு உறுதியாகச் சொல்லலாம். ஒட்டவில்லை என்றால் 'இவர் வயதுக்குள்தான்' என்று சொல்ல முடியாது. மெதுவாக வளரும் 18, 19 வயதுக்காரர் தாராளமாகத் தேறிவிடுவார். பிறந்த தேதியைக் கண்டுபிடிக்கும் கருவியல்ல இது, அப்பட்டமான மோசடியை வடிகட்டும் சல்லடை. பெண்கள் பிரிவில் இதையும் பயன்படுத்த முடியாது. பெண்பிள்ளைகளின் எலும்பு வளர்ச்சி முன்னதாகவே முடிந்துவிடுவதால், ஒட்டிய தட்டை வைத்து 17-ஐக் கடந்தாரா இல்லையா என்று தீர்ப்புச் சொல்ல வழியில்லை.

ஆப்பிரிக்க நாடுகள் இதில் அள்ளிக்கொண்டு போனதெல்லாம் வயதை மறைத்துத்தானே?

எல்லாவற்றையும் அந்த ஒரே கணக்கில் எழுதுவது சோம்பேறித்தனம். நைஜீரியா 1985, 1993, 2007, 2013, 2015 என ஐந்து முறை வென்றிருக்கிறது, இதுதான் சாதனை. நான்கு பட்டங்களுடன் பிரேசில் அடுத்து. கானாவுக்கு இரண்டு. கடைசி இரண்டு நைஜீரியப் பட்டங்களும் எம்.ஆர்.ஐ. வந்தபிறகு கிடைத்தவை. 2015-ல் சிலியில் 10 கோல் அடித்துத் தங்கக் காலணி வாங்கிய விக்டர் ஒசிமென், எட்டு ஆண்டு கழித்து நாப்போலி இத்தாலிய லீக் பட்டம் வெல்ல முக்கியக் காரணமாக இருந்தார். 1993-ல் ஆடிய கானு அடுத்த மூன்று ஆண்டில் ஒலிம்பிக் தங்கம் வென்ற அணிக்குக் கேப்டன்.

'அப்படியானால் பெரியவர்கள் உலகக் கோப்பையை ஏன் வெல்லவில்லை?' என்பது அடுத்த கேள்வி. பதினாறு வயதில் கிடைக்கும் வெற்றிக்குத் தெருவில் ஆடிய ஆட்டமும் உடல் வேகமும் பெருமளவு போதும். அதன்பின் வரும் ஐந்தாறு ஆண்டில்தான் ஐரோப்பிய கிளப்புகளின் பயிற்சிப் பள்ளி, உணவு, மருத்துவம், வாரா வாரம் தரமான ஆட்டம் எல்லாம் கைகொடுக்கின்றன. அந்தக் கட்டத்தில் ஆப்பிரிக்கப் பையன்கள் ஏஜென்டுகளின் கையில் சிக்கி, நாடு நாடாகச் சிதறுகிறார்கள். சந்தேகப் பிராணிகளுக்கும் ஒரு தகவல் மிச்சம் வைக்கிறேன்: 2017, 2023, 2025 என மூன்று உலகக் கோப்பைகளுக்கு நைஜீரியா தகுதியே பெறவில்லை.

தலைகீழான உதாரணமும் உண்டு. மாரடோனாவையும் மெஸ்ஸியையும் தந்த அர்ஜென்டினா, 20 வயதுப் பிரிவில் ஆறு பட்டம் வென்ற அர்ஜென்டினா, இந்த 17 வயதுப் போட்டியில் இறுதி ஆட்டத்துக்குக்கூட வந்ததில்லை.

இதை ஆரம்பித்தது யார்?

ஃபிஃபாதான், ஆனால் விதை சிங்கப்பூரில் விழுந்தது. சிங்கப்பூர் கால்பந்துச் சங்கம் 1977-ல் தொடங்கிய 'லயன் சிட்டி கோப்பை'தான் 16 வயதுப் பிரிவுக்கான முதல் சர்வதேசப் போட்டி. அதைப் பார்த்துவிட்டு, அப்போது ஃபிஃபாவின் பொதுச் செயலராக இருந்த செப் பிளாட்டர் உலக அளவில் ஒன்று நடத்தலாம் என்று பரிந்துரைத்தார். 1985-ல் சீனாவில் முதல் போட்டி. 1991 முதல் வரம்பு 17.

ஆட்டம் சமனானால் கூடுதல் நேரம் உண்டா?

கிடையாது. நாக்-அவுட் சுற்றில் 90 நிமிடம் முடிந்ததும் நேராகப் பெனால்டி. வளரும் உடம்பு என்பதால் இந்தச் சலுகை. விதிகளைப் பரிசோதிக்கும் களமாகவும் ஃபிஃபா இளையோர் போட்டிகளை வைத்துக்கொள்கிறது. 1993-ல் ஜப்பானில் த்ரோ-இன்னுக்குப் பதில் பந்தைக் காலால் உதைத்து உள்ளே அனுப்பச் சொன்னார்கள். அது தேறவில்லை.

48 அணிகள், அதுவும் ஆண்டுதோறும். மலிவாக்கிவிட்டார்களோ?

2025 முதல் 2029 வரை ஐந்து ஆண்டும் கத்தாரிலேயே நடக்கும் என்று அறிவித்திருக்கிறார்கள். 24 அணிகள் 48 ஆகின. 25 நாளில் 104 ஆட்டங்கள். விளைவு கண்கூடு: நியூ கலிடோனியாவை மொராக்கோ 16-0 என்று துவைத்தது. பதினாறு கோல் வாங்கிய கோல்கீப்பருக்கும் வயது பதினாறோ பதினேழோதான் என்பதை நினைத்தால் சங்கடமாகத்தான் இருக்கிறது.

ஆனாலும் ஆண்டுதோறும் நடத்துவதை நான் ஆதரிப்பேன். பழைய முறையில் போட்டி இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை. 2017 போட்டிக்கு 2000-லும் பிறகும் பிறந்தவர்கள். 2019-க்கு 2002-லும் பிறகும் பிறந்தவர்கள். இடையில் 2001-ல் பிறந்தவன் என்ன ஆனான்? 2017-ல் தன்னைவிட ஒரு வயது மூத்தவர்களோடு முட்டிமோதி இடம் பிடிக்க வேண்டும். விட்டால் 2019-ல் வயது கடந்துவிடும். இரட்டைப்படை ஆண்டில் பிறந்தால் யோகம், ஒற்றைப்படையில் பிறந்தால் கஷ்டம் என்பது ஜோசியமாக இருக்கலாம், விளையாட்டாக இருக்கக் கூடாது. இப்போது ஒவ்வொரு ஆண்டுப் பிள்ளைகளுக்கும் ஒரு வாய்ப்பு உண்டு.

இதில் ஜொலிப்பவர்கள்தானே நாளைய நட்சத்திரங்கள்?

பாதி உண்மை. ரொனால்டினோவும் காசியாஸும் 1997-ல் எகிப்தில் ஆடினார்கள். 2007-ல் சிறந்த ஆட்டக்காரரான டோனி குரூஸ் ஏழு ஆண்டில் உலகக் கோப்பையே வென்றார். ஆனால் 1991-ல் அதே விருதை வாங்கிய கானாவின் நை லாம்ப்டே, அடுத்த பீலே என்று ஏற்றப்பட்ட உயரத்துக்குக் கடைசிவரை போகவில்லை. 2001-ல் 9 கோல் அடித்து பிரான்சுக்குக் கோப்பை தந்த சினாமா பொங்கோலின் பெயர் இன்று எத்தனை பேருக்கு ஞாபகம் இருக்கிறது? மெஸ்ஸியோ இந்த உலகக் கோப்பையில் ஆடவே இல்லை.

வர வேண்டியவர்கள் எல்லோரும் வருவதும் இல்லை. இந்தப் போட்டிக்கு ஆட்டக்காரரை அனுப்பியே தீர வேண்டும் என்ற கட்டாயம் கிளப்புகளுக்குக் கிடையாது. 2017-ல் வினீசியஸை பிளமெங்கோ விடவில்லை. இங்கிலாந்தின் ஜேடன் சாஞ்சோ இந்தியா வந்தார், லீக் சுற்றில் மூன்று கோல் அடித்தார், நாக்-அவுட் தொடங்கும் முன்பே டார்ட்மண்ட் கிளப் திரும்ப அழைத்துக்கொண்டது. அவர் இல்லாமலேயே இங்கிலாந்து கோப்பையை வென்றது என்பது வேறு விஷயம்.

2017-ல் இந்தியா ஆடியதே, அதனால் என்ன பயன்?

முதலில் ஒரு தெளிவு: இந்தியா அன்று தகுதிச் சுற்றில் வென்று வரவில்லை. போட்டியை நடத்தும் நாடு என்பதால் நேரடி இடம். டெல்லி நேரு மைதானத்தில் அமெரிக்காவிடம் 0-3, கொலம்பியாவிடம் 1-2, கானாவிடம் 0-4. மூன்றும் தோல்வி.

ஆனால் அந்த இரண்டாவது ஆட்டத்தை ஒரு நிமிடம் நின்று பார்க்க வேண்டும். 2017 அக்டோபர் 9. கொலம்பியா 1-0 முன்னிலை. 82-வது நிமிடம், பெங்களூர்ப் பையன் சஞ்சீவ் ஸ்டாலின் இடது காலால் கார்னர் எடுக்கிறார். மணிப்பூரின் ஜீக்சன் சிங் எல்லோரையும்விட உயர எழும்பித் தலையால் முட்டுகிறார். கோல். ஃபிஃபா உலகக் கோப்பை எதிலும் இந்தியா அடித்த முதல் கோல் அது. மைதானம் இடிந்து விழும்போல ஆரவாரம். கொண்டாடிவிட்டுத் திரும்புவதற்குள், அடுத்த நிமிடமே கொலம்பியாவின் பெனலோசா தன் இரண்டாவது கோலை அடித்துவிட்டார். திறமையில் நாம் வெகு தூரம் பின்தங்கியிருக்கவில்லை. பெரிய ஆட்டங்களில் பழகாதவர்கள் கோல் அடித்தபின் எப்படி நிதானம் இழப்பார்கள் என்பதை அந்த ஒரு நிமிடம் காட்டியது.

கூட்டத்தில் குறையே இல்லை. மொத்தம் 13,47,133 பேர் மைதானத்துக்கு வந்தார்கள். 1985 சீனாவின் சாதனை உடைந்தது. கொச்சியில் பிரேசிலும் ஸ்பெயினும் மோதின. மழையால் குவாஹாட்டி மைதானம் கெட்டுப்போனதால் இங்கிலாந்து - பிரேசில் அரை இறுதியைக் கடைசி நேரத்தில் கொல்கத்தாவுக்கு மாற்றினார்கள். அங்கும் கூட்டம் நிரம்பி வழிந்தது. இறுதி ஆட்டத்தில் 0-2 என்று பின்தங்கிய இங்கிலாந்து 5-2 என்று ஸ்பெயினை வென்றதை 66 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் பார்த்தார்கள்.

அந்த இந்திய அணியின் 21 பேரில் எட்டுப் பேர் மணிப்பூர்க்காரர்கள். ஜீக்சன், சுரேஷ், அன்வர் அலி ஆகியோர் பின்னர் சீனியர் அணியில் இடம் பிடித்தார்கள். அந்தப் பையன்களையே ஒரு குழுவாக 'இந்தியன் ஏரோஸ்' என்ற பெயரில் ஐ-லீக்கில் ஆடவிட்டது நல்ல யோசனை. 2022-ல் அதை மூடிவிட்டார்கள். மைதானங்களுக்குச் செலவழித்த அக்கறையில் பாதியை 13 வயதுப் பிள்ளைகளின் வாராந்திர ஆட்டங்களுக்குக் காட்டியிருந்தால் கணக்கு வேறாக இருந்திருக்கும்.

இந்தியா தானாகவே தகுதி பெற வழி இருக்கிறதா?

முன்னைவிட அகலமான வழி இருக்கிறது. ஆசிய 17 வயதுக் கோப்பையில் கால் இறுதிக்கு வந்தாலே உலகக் கோப்பை. முன்பு அரை இறுதிக்கு வர வேண்டும். 2018-ல் மலேசியாவில் என்ன நடந்தது தெரியுமா? பிபியானோ பெர்னாண்டஸ் பயிற்சியில் நம் பையன்கள் வியட்நாமை வென்று, ஈரானோடும் இந்தோனேசியாவோடும் சமன் செய்து, லீக் சுற்றில் ஒரு கோல்கூட வாங்காமல் கால் இறுதிக்கு வந்தார்கள். அங்கே தென்கொரியாவிடம் 0-1. ஒரே ஒரு கோலில் உலகக் கோப்பை போயிற்று. இன்றைய விதி அன்று இருந்திருந்தால் அவர்கள் ஏற்கெனவே உள்ளே. 2025 நவம்பர் 30 அன்று அகமதாபாத்தில் ஈரானை 2-1 என்று சாய்த்து 2026 ஆசியக் கோப்பைக்கு இந்தியா தகுதி பெற்றதும் இதே பெர்னாண்டஸ் பயிற்சியில்தான்.

பெண்கள் பிரிவு?

2008-ல் தொடங்கியது. இங்கே வல்லரசு வடகொரியா. 2025 வரை நான்கு பட்டங்கள். 2022-ல் இந்தியா நடத்தியது, அதுவும் தடங்கலோடு. நிர்வாகத்தில் வெளியார் தலையீடு என்று சொல்லி அந்த ஆகஸ்டில் ஃபிஃபா இந்தியக் கூட்டமைப்பை இடைநீக்கம் செய்தது. போட்டியே போய்விடுமோ என்ற நிலையில் சில நாளில் தடை நீங்கியது. புவனேஸ்வரத்தில் நம் பெண்கள் அமெரிக்காவிடம் 0-8, மொராக்கோவிடம் 0-3, பிரேசிலிடம் 0-5 என்று தோற்றார்கள். ஆனால் 2025 அக்டோபரில், உஸ்பெகிஸ்தானை வென்று ஆசியக் கோப்பைக்குத் தகுதிச் சுற்று வழியாகவே நுழைந்தார்கள்.

என் மகனுக்கு 12 வயது, நன்றாக ஆடுகிறான். எங்கே தொடங்குவது?

பள்ளி அணியில் தொடங்குங்கள். பள்ளிகளுக்கான சுப்ரதோ கோப்பைக்கு மாவட்டம், மாநிலம் என்று படிப்படியாகப் போகலாம். இறுதிச் சுற்றில் நாடெங்கும் உள்ள தேர்வாளர்களின் கண் படும். தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விளையாட்டு விடுதிகளுக்குத் தேர்வு நடக்கும்போது தவறவிடாதீர்கள். மாவட்டக் கால்பந்துச் சங்கத்தில் பதிவு செய்த கிளப்பில் ஆடினால்தான் மாநில அணித் தேர்வுக்குப் பெயர் போகும்.

அதற்குமுன் ஒரு வேலை. பிறப்புச் சான்றிதழ், ஆதார், பள்ளி ஆவணம் மூன்றிலும் பிறந்த தேதி ஒன்றாக இருக்கிறதா என்று இந்த வாரமே எடுத்துப் பாருங்கள். எழுத்துப் பிழையால் நல்ல ஆட்டக்காரர்கள் தேர்வு நாளில் வெளியே நிற்க நேர்கிறது. 'தேதியை ஒரு வருஷம் குறைத்துவிடலாம், பையன் ஈசியாகத் தேர்வாவான்' என்று எந்தப் பயிற்சியாளராவது சொன்னால், மறுநாளிலிருந்து பிள்ளையை வேறு மைதானத்துக்கு அனுப்புங்கள்.